பாவத்துக்கு ஒரு கால் அதிகம்

என் பேச்சைக் கேட்டு ஓடுகிற ரயில் நின்றிருக்கிறது. ஸ்டேஷன் இல்லாத இடத்தில், சிவப்பு விளக்கு எரியாமல், யாரும் சங்கிலியை இழுக்காமல், நான் சொன்ன ஒரே ஒரு சொல்லுக்காக நின்றது. சரி, கொஞ்சம் ஊதிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அது ரயில் இல்லை, தையல் மெஷின். ஆனால் அதில் பயணம் செய்துகொண்டிருந்த பெண்மணிக்கு அது ரயில்தான். ஜன்னலோர இருக்கை கிடைத்த நெடுந்தூர ரயில். ஆகவே நான் சொன்னதில் பாதியாவது உண்மை. என் பேத்திகளைக் கேட்டால், என் வழக்கத்துக்கு இது மிக அதிகம் என்பார்கள்.

மெஷினை ஓட்டியவரை எங்கள் தெருவில் ஆல்டர் மாஸ்டர் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். மாடிப்படிக்குக் கீழே, வாசகர் கூடத்துக்கு நேர் அடியில் அவருடைய கடை. கண்ணாடிக் கதவில் ஓர் அட்டை தொங்கும்: ‘புதிது தைப்பதில்லை.’

ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“புதுசு தைக்கிறதுக்கு ஊர் பூரா ஆள் இருக்கு டீச்சர். இருக்கறதை இன்னொண்ணா ஆக்கறதுக்குத்தான் பஞ்சம்” என்றார்.

அந்தக் கடைக்குள் எதுவும் இருந்தபடியே நீடித்ததில்லை. அப்பாவின் கோட்டு மகளின் குட்டை ஜாக்கெட் ஆகும். ஜன்னல் திரை பாவாடை ஆகும். இளைத்தவர்களின் கால்சட்டை இடுப்பைப் பிடித்துக்கொள்ளும், பெருத்தவர்களின் கால்சட்டை பெருந்தன்மையோடு விட்டுக்கொடுக்கும். பழைய தையலைப் பிரிக்கும்போது மாஸ்டர் மூச்சுவிட மாட்டார். நூல் போன இடத்தில் ஊசித் துளைகள் எறும்பு வரிசை மாதிரி தெரியும். அதன்மேல் ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை வைப்பார். புஸ் என்று ஆவி கிளம்பும். துணியை எடுத்துப் பார்த்தால், தான் இதற்கு முன் யாராக இருந்தோம் என்பதை அது மறந்திருக்கும்.

ஐம்பதைத் தொட்டவர், கல்யாணம் ஆகவில்லை. நான் சும்மா இருப்பேனா? பேச்செடுத்தால், “என்னை ஆல்டர் பண்ற பொறுமை யாருக்கு இருக்கு டீச்சர்?” என்று ஊசிகளை உதட்டில் வரிசையாகக் கவ்விக்கொள்வார். அதற்குமேல் அவரிடமிருந்து சொல் வராது. வந்தாலும் முழுசாக வராது. இந்த ஊசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் குத்தும்.

வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும்தான். தொழில் கற்றுக்கொடுத்ததே அம்மா. கடை வாசலில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டே, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் மகனை அறிமுகம் செய்துவைப்பார். “இவன் நான் பெத்த பிள்ளை!” தபால்காரருக்கும் அதே அறிமுகம், தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவருக்கும் அதே.

“அம்மா, போதும்மா. அவர் வழி கேட்க வந்தவர்.”

“இருக்கட்டுமே. வழியைத் தெரிஞ்சுக்கறப்போ இதையும் தெரிஞ்சுட்டுப் போகட்டும்.”

மீசை நரைத்த ஆள் பள்ளிப் பையன் மாதிரி நெளிவார். இந்த ‘நான் பெத்த பிள்ளை’யை அம்மா எப்போது நிறுத்துவாரோ என்று என்னிடமே புலம்பியிருக்கிறார்.

அம்மா நிறுத்திவிட்டார்.

ஓரம் அடிக்காத துணியைப் பார்த்திருப்பீர்கள். ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். அந்த அம்மாவின் நினைவு அப்படித்தான் போயிற்று. முதலில் மூக்குக்கண்ணாடியை வைத்த இடம். பிறகு அடுப்பில் வைத்த பால். பிறகு தெரு. கடைசியில் ஒரு காலையில், தேநீரை நீட்டிய மகனின் முகத்தை மரியாதையோடு பார்த்து, “என் பிள்ளை எப்போ வருவான் மாஸ்டர்?” என்று கேட்டார்.

“நான்தான்மா உன் பிள்ளை.”

அம்மா சிரித்தார். பிறகு மாஸ்டர் விளையாடவில்லை என்று தெரிந்ததும் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “என் பிள்ளைக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்கு. உங்களுக்குத்தான் எல்லாப் பல்லும் இருக்கே!”

மாஸ்டர் தன் கட்டைவிரலைக் காட்டினார். சின்ன வயதில் மெஷின் ஊசி ஏறிய வடு அதில் உண்டு. அன்று அதற்கு மருந்து போட்டதே அம்மாதான். அம்மா விரலைப் பிடித்துப் பார்த்தார், வாயால் ஊதினார். “பார்த்துத் தைக்கக் கூடாதா மாஸ்டர்?”

அன்றிலிருந்து மாஸ்டருக்கு ஒரே பைத்தியம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அம்மா வாயால் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். தினமும் ‘நான் உன் பிள்ளைம்மா, நான் உன் பிள்ளைம்மா’ என்று சொல்லிச் சொல்லிக் காட்டினார். சொல்லச் சொல்ல அம்மா மிரண்டார். சாப்பாட்டைத் தள்ளினார். யாரோ ஓர் ஆள் தன் மகனின் இடத்தைப் பிடுங்கிக்கொண்டதாக என்னிடமே ரகசியமாகச் சொன்னார்.

இந்தச் சமயத்தில்தான் மாஸ்டரின் அக்கா வந்தார். அக்காவுக்கு வேறு ஊரில் பெரிய வீடு, பகலெல்லாம் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு. கெட்ட மனசு இல்லை. சுற்றி வளைக்கத் தெரியாத வாய், அவ்வளவுதான்.

“டேய், கடையையும் பார்த்து அம்மாவையும் பார்த்து நீ துரும்பா இளைச்சுட்டே. நான் கூட்டிட்டுப் போறேன்.”

“இங்கயே இருக்கட்டும் அக்கா. என்னைப் பார்க்காம இருக்க மாட்டாங்க.”

“யாரை? மாஸ்டரையா?”

அக்காவுக்கே உறைத்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார். “சரி, மாசக் கடைசி ஞாயிறு கார் எடுத்துட்டு வரேன். அன்னைக்கு என் எதிர்ல ஒரு தரம், ‘நான் பெத்த பிள்ளை’ன்னு சொல்லட்டும். பேசாம விட்டுட்டுப் போறேன். சொல்லலைன்னா, நீயும் மறுபேச்சு பேசக் கூடாது.”

“சொல்லுவாங்க” என்றார் மாஸ்டர்.

ரயில் எப்போது கிளம்பியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மெஷினுக்குப் பக்கத்தில், ஜன்னலை ஒட்டி அம்மாவின் நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்துச் சுவர்தான். ஆனால் தெருவில் பஸ் போகும்போதெல்லாம் அதன் கண்ணாடி வெளிச்சம் அந்தச் சுவரில் வழுக்கிக்கொண்டு போகும். மாஸ்டர் மிதியில் கால் வைத்தால் தடக்தடக்கென்று தரை அதிரும். கொடியில் மாட்டிய கோட்டுகளும் கவுன்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒரே பக்கமாக நிமிரும், வண்டியில் நின்றுகொண்டு போகிறவர்கள் மாதிரி. ஒருநாள் அம்மா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“பிள்ளைகிட்ட போறேன். தனியா இருப்பான்” என்று பக்கத்துக் கவுனிடம் சொன்னார்.

மெஷின் நின்றால், “இது எந்த ஸ்டேஷன்?” என்று கேட்பார். “இது ரயில் இல்லம்மா. கடை. நான் உன் பிள்ளை” என்பார் மாஸ்டர். உடனே அழுகை.

இனி என் பெருமைக்கு வருவோம். மேலே வாசகர் கூடத்தில் சனிக்கிழமை மதியம் நான் பேசுவது வழக்கம். கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் மின்விசிறிக்காக வருகிறவர்கள். மீதிப் பேர், பாதியில் எழுந்து போனால் நான் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன் என்று பயந்து உட்கார்ந்திருப்பவர்கள். கூட்டம் சேரட்டும் என்று கூடத்துச் செயலாளர் ஒரு ஸ்பீக்கரைப் படிக்கட்டில் மாட்டியிருந்தார். அதில் எக்கோவும் வைத்திருந்தார்.

“எதுக்கு இந்த எக்கோ?” என்றேன்.

“எக்கோ இருந்தாத்தான் தெய்வீகம் டீச்சர்.”

அன்றைக்குப் பொருள், பௌத்தர்கள் சொல்லும் பவம். பவம் என்றால் ஆகுதல். தாகத்திலிருந்து பற்று வரும், பற்றிலிருந்து பவம் வரும், பவத்திலிருந்து பிறப்பு வரும் என்று அவர்கள் ஒரு சங்கிலி சொல்வார்கள். அடுத்த பிறவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இங்கேயே நடப்பதுதான் என்று விளக்கினேன். ஒருவர் ஒரு நாற்காலியைக் கண்டு ஆசைப்படுகிறார். இது என்னுடையது என்று பற்றுகிறார். பற்றிய கணத்திலேயே ‘செயலாளர்’ ஆகிப் பிறந்துவிடுகிறார். நாற்காலி போனால் செத்தும் போகிறார். ஒரே ஆயுளில் எத்தனை ஜனனம், எத்தனை மரணம்! செயலாளர் தன் நாற்காலியில் நெளிந்தார். நான் குரலை உயர்த்தினேன். “பற்றினால் பவம்! விட்டால் விடுதலை!”

கீழே மெஷின் நின்றது. கூடமே சட்டென்று அமைதியானது. படிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய குரல் ஏறி வந்தது.

“இது எந்த ஸ்டேஷன்?”

சற்று நேரத்தில் மாஸ்டர் மேலே வந்தார். கழுத்தில் டேப், உதட்டில் ஊசிகள்.

“டீச்சர், நீங்க சொன்னது நிஜமா? பற்று வெச்சா பாவமா?”

ஊசிக்கு நடுவிலிருந்து வந்த சொல் எனக்குப் ‘பவமா’ என்றுதான் கேட்டது. “ஆமா. அவங்க வழியில அப்படித்தான்.”

“பெத்த தாய் மேல வெச்சாலுமா?”

“தாயா இருந்தா என்ன, தாம்பாளமா இருந்தா என்ன? ‘இவங்க என்னை இன்னார்னு சொல்லியே ஆகணும்’னு ஒருத்தன் பிடிவாதமா நிக்கறான்னு வெச்சுக்கோ. அதான் அது. சுத்தமான அது.”

வெளுத்த துணி மாதிரி ஆனது அவர் முகம். “விட்டுட்டா?”

“விட்டா அது இல்ல.”

அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். ஒரு தையல்காரருக்கே புரிகிறமாதிரி பௌத்தத்தைச் சொல்லிவிட்டேன் என்று நான் பூரித்துப்போய் இன்னொரு தேநீர் வாங்கிக் குடித்தேன். என் குறிலை அந்த எக்கோ இழுத்து நெடிலாக்கி, ‘பற்றினால் பாவம்’ என்று படிக்கட்டு முழுக்கப் பரப்பியது எனக்குத் தெரியாது. அவருடைய நெடிலை ஊசிகள் நறுக்கிக் குறிலாக்கியதும் தெரியாது. அம்மா வாயால் பிள்ளை என்று கேட்க ஆசைப்படுவது மகாபாவம் என்று படித்த கிழவியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள் என்ற எண்ணத்தோடு அந்த மனிதர் கீழே போயிருக்கிறார்.

அன்று மாலை என் ஜாக்கெட்டை வாங்கக் கடைக்குப் போனபோது அதைப் பார்த்தேன். அம்மா கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார். “டிக்கெட் பார்க்கறவர் வர்ற நேரம். எங்க வெச்சேன்?”

மாஸ்டர் மிதியிலிருந்து காலை எடுத்தார். ‘இது கடைம்மா’ என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பச்சைத் துண்டுத்துணி ஒன்றை எடுத்தார். ஓரத்தைப் பல்பல்லாக வெட்டும் ஜிக்ஜாக் கத்தரியால் நாலு பக்கமும் வெட்டினார். டேப்பைக் கழற்றிவிட்டு, சட்டைக் காலரின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நாற்காலி முன்னால் போய் நின்றார்.

“இந்தாங்கம்மா டிக்கெட். ஜன்னல் சீட்டு.”

அம்மா வாங்கித் தடவிப் பார்த்தார். “இது என் பிள்ளைகிட்ட போகுமா?”

“போகும்மா.”

“எப்போ போய்ச் சேரும்?”

“போய்க்கிட்டே இருக்கு.”

அம்மா துணியைக் கைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார். அன்று தட்டில் வைத்ததைத் தள்ளாமல் சாப்பிட்டார். மாஸ்டர் திரும்பி வந்து மிதியில் கால் வைத்தார், வண்டி கிளம்பியது.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் கழிந்த மதியங்களைப் பற்றி நான் என்ன சொன்னாலும் நீங்கள் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். கழித்தபின் மிஞ்சுவதே எனக்குப் போதும். வெயில் கண்ணாடிக் கதவில் சாய்ந்து நிற்கும். இஸ்திரிப் பெட்டியின் ஆவி மேகம் மாதிரி ஏறிக் கோட்டுகளின் தோளைத் தொடும். மாஸ்டர் எந்த நேரத்தில் யாராக இருப்பார் என்று அவருக்கே தெரியாது. காலையில் டிக்கெட் பரிசோதகர். பத்து நிமிஷம் கழித்து, கப்பலில் வேலைக்குப் போய்த் திரும்பாத அம்மாவின் அண்ணன். “ஏண்ணே, கடல் உப்பா, கண்ணீர் உப்பா?” என்று அம்மா கேட்க, “ரெண்டையும் ஒண்ணா வெச்சு நக்கிப் பார்த்தவன் இல்லம்மா” என்பார். மதியம் அம்மாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த வாத்தியார். அப்போது அம்மா எழுந்து நிற்பார்; இவரும் உட்காரச் சொல்ல மறக்க மாட்டார். மகனாக மட்டும் அவர் எப்போதும் ஆனதில்லை. அந்த ஒரு கோட்டை மாட்டியில் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் போட்டுக் கழற்றினார்.

வாடிக்கையாளர்களும் பழகிவிட்டார்கள். கால்சட்டை மடிப்புக்கு வந்தவர், “பக்கத்துல யாராவது வராங்களாம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்டூலில் உட்காருவார். நான் எப்போதும் பெட்டியைத் தொலைத்த பெண்மணி. அது அம்மா எனக்குக் கொடுத்த வேஷம். “கவலைப்படாதீங்க, கடைசி ஸ்டேஷன்ல கிடைக்கும்” என்று என் முழங்காலைத் தட்டிக்கொடுப்பார். ஒருநாள் அப்படித் தட்டிக்கொடுத்தபோது ஜன்னலுக்கு வெளியே சுவர் இல்லை. ஒரு நதி இருந்தது, அதன் மேல் பாலம் இருந்தது, கீழே ஒருவர் படகிலிருந்து எங்களுக்குக் கையசைத்தார். சத்தியம். நானும் கையசைத்தேன். கண்ணை மூடியிருந்தேன் என்பது வேறு விஷயம்.

மாசக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. மறுநாள் அக்கா வர வேண்டும். அன்று என் பொருள் பக்தி இலக்கணம்: பாவம், அதாவது கடவுள் முன்னால் பக்தன் எடுத்துக்கொள்ளும் உணர்வு நிலை. பக்தன் தான் இருக்கிறபடியே நின்றுகொண்டு கும்பிடுவதில்லை, ஒருவராக ஆகித்தான் கும்பிடுகிறான் என்றேன். கடவுளை எஜமானாக்கித் தான் வேலைக்காரன் ஆவான். தோளில் கை போட்டுத் தோழன் ஆவான். கடவுளைக் குழந்தையாக மடியில் கிடத்தி, தான் மீசைக்காரன் என்பதையே மறந்து தாய் ஆவான். “அடிமைப் பாவம்! தோழமைப் பாவம்! தாய்ப் பாவம்!” என்று அடுக்கினேன்.

தடதடவென்று மாஸ்டர் படியேறி வந்தார். இந்தமுறை உதட்டில் ஊசி இல்லை.

“டீச்சர், தாய் பாவம்னு நீங்களே சொல்றீங்க. அவ்வளவு பாவப்பட்டவங்களை நான் பொய் சொல்லி ரயில்ல உட்கார வெச்சிருக்கேன். பற்று வெச்ச பாவம் போகட்டும்னு விட்டா, இந்தப் பொய் எந்தப் பாவத்துல சேரும்?”

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ‘பற்று வெச்ச பாவம்’ என்று அவர் சொன்ன பிறகுதான், போன தடவை அவர் காதில் என்ன விழுந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது. கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அவரைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். துணியில் குறி போட அவர் காதில் சொருகியிருந்த சாக்பீஸை எடுத்து, சுவரில் ‘பாவம்’ என்று பெரிதாக எழுதினேன்.

“இப்போ நான் சொன்னது இது. ஆனா நீ நினைக்கற பாவம் இல்ல. தப்புச் செஞ்ச பாவமும் இல்ல, ஐயோ பாவமும் இல்ல. மனசு ஒண்ணா ஆகி நிக்கற பாவம். நான் சொன்னது தாய்ப் பாவம். நடுவுல ஒரு ‘ப்’ இருந்துச்சு, எக்கோ தின்னுடுச்சு.”

“அப்போ போன தடவை சொன்னது?”

நான் புறங்கையால் துணைக்காலை அழித்தேன். ‘பவம்’ நின்றது. “இது. ஆகறது. பற்று வெச்சா ஒண்ணா ஆகிடறோம்னு சொன்னேன். பாவம்னு சொல்லலை. பாவத்துக்கு ஒரு கால் அதிகம்.”

மாஸ்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். கீழே மெஷின் ஓடாததால் அம்மா ஸ்டேஷன் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். “சிக்னல் விழலம்மா!” என்று இங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“அப்போ நான் ஆசைப்பட்டது பாவம் இல்ல.”

“இல்லவே இல்ல.”

“பவம்.”

“ஆமா.”

“பவம் சொன்னவங்க ஆகாதேங்கறாங்க. பக்தி பண்றவங்க ஆகுங்கறாங்க. ஒரு காலை வெச்சு இவ்வளவு சண்டையா?”

“ரெண்டுக்கும் ஒரே வேர்தான் தம்பி. வடமொழியில ‘பூ’ன்னு ஒரு வேர். ஆகறதுன்னு அர்த்தம். நம்ம பூ வேற, அது வேற. ஆனா மொட்டு ஆகாம பூ ஏது? பிடிச்சுக்கிட்டு ஒண்ணா ஆனா, ஆனது நம்மளைப் பிடிச்சுக்கும். இன்னொருத்தருக்குக் கொடுக்கறதுக்காக ஆனா, வேலை முடிஞ்சதும் கழற்றி மாட்டிடலாம். எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் அவ்வளவுதான்.”

அவர் யோசித்தார். “என்கிட்ட ரெண்டும் இருக்கு டீச்சர். டிக்கெட்டை நீட்டறப்போ அவங்களுக்காகத்தான் நீட்டறேன். நீட்டிட்டு முகத்தைப் பார்க்கறேன் பாருங்க, அது எனக்காக. இன்னைக்காவது கண்டுபிடிக்க மாட்டாங்களான்னு.”

“லைனிங் இல்லாத கோட்டு ஏது? அது உள்ளே இருந்துட்டுப் போகட்டும்” என்றேன். பிறகு என் பழைய புத்தி தலைகாட்டியது. “நாளைக்கு உங்க அக்கா வராங்க. அம்மாவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கற மாதிரி அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடேன். ‘இவன் நான் பெத்த பிள்ளை.’ நாலு தரம் சொன்னா பிடிச்சுக்குவாங்க. நானும் பின்னால நின்னு எடுத்துக்கொடுக்கறேன்.”

மாஸ்டர் சிரித்தார். “நானே தைச்சு நானே போட்டுக்கவா? நம்ம கடையில புதுசு தைக்கறதில்ல டீச்சர்.”

ஞாயிறு காலை அக்காவின் கார் வாசலில் நின்றது. அம்மா நாற்காலியில், மாஸ்டர் மெஷினில், நான் பெட்டியைத் தொலைத்தவளாக ஸ்டூலில். அக்கா மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தார். அவர் மிதியிலிருந்து காலை எடுத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டைவிரல் வடுவைக்கூடக் காட்டவில்லை. அப்போது அம்மா எழுந்து நின்றார். கொடியில் தொங்கிய கோட்டுகளெல்லாம் மரியாதையாக நிமிர்ந்தன. யாரும் மிதிக்காமலேயே மெஷின் மெல்ல ஓடத் தொடங்கியது. அம்மா கையை நீட்டி, எக்கோ இல்லாமலே தெரு முழுக்கக் கேட்கிற குரலில், “இவன் நான் பெத்த பிள்ளை!” என்றார்.

இந்த இடம்வரைக்கும் எழுதி, கடையில் வைத்து உரக்கப் படித்துக்காட்டினேன். மாஸ்டர் தலையைக் குனிந்து ஒரு பாவாடை ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா இப்போதெல்லாம் வாரம் தவறாமல் வருகிறார். ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவின் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தவர், சீப்பை நிறுத்தினார்.

“டீச்சரம்மா, அன்னைக்குப் பக்கத்துல நின்னது நான். மெஷின் ஓடலை, கோட்டும் நிமிரலை. அம்மா அப்படிச் சொல்லவும் இல்ல. இவன் வாயே திறக்காம உட்கார்ந்திருந்தான். சரி, நாம ஜெயிச்சுட்டோம்னு நான்தான், ‘வாம்மா, உன் பிள்ளைகிட்ட போகலாம், கார் நிக்குது’ன்னேன். வேணும்னுதான் அப்படிச் சொன்னேன். அம்மா உடனே கிளம்பிட்டாங்க, கைப்பையோட. வாசல்வரைக்கும் வந்தாங்க. அங்க நின்னு திரும்பி இவனைப் பார்த்தாங்க. ‘யார் பெத்த பிள்ளையோ, பாவம். நாள் பூரா வண்டியிலேயே இருக்கான். சாப்பிட்டானான்னு கேட்க ஒரு ஆள் இல்ல’ன்னாங்க. நான் கையைப் பிடிச்சு இழுத்தேன். கையை உருவிக்கிட்டாங்க. ‘என் பிள்ளையை அங்க யாராவது பார்த்துக்குவாங்கம்மா. இவனை நான் பார்த்துக்கறேன்’னு சொல்லிட்டுப் போய் அதே நாற்காலியில உட்கார்ந்துட்டாங்க. நான் பேசினபடி பார்த்தா நான்தான் ஜெயிச்சேன். அப்புறம் எந்த வாயால கூப்பிடறது? கார்ல வெச்ச அம்மாவோட துணிப்பையை நானே இறக்கினேன். இவன் கண்ணைத் துடைச்சுட்டு மிதியில காலை வெச்சான். அப்போதான் மெஷின் ஓடுச்சு. ‘சீக்கிரம் ஏறும்மா, வண்டி கிளம்பிடுச்சு’ன்னு அம்மா என்னைக் கூப்பிட்டாங்க. எழுதறதுன்னா அதை எழுதுங்க.”